எடை போடப்படாத பழம்



இங்கிலாந்தில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் பலவும் ஸ்ட்ராபெரிப் பண்ணைகளுக்குக் கிளம்பிவிடுகின்றன. நாமே பறித்து, எடை போட்டு, பணம் கொடுத்து எடுத்துவரும் பண்ணைகள் அவை. லண்டனிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், கென்ட், எஸெக்ஸ் பகுதிகளில் நிறையவே உண்டு. அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பழம் பிளாஸ்டிக் பெட்டியில் காய்ப்பதில்லை என்று காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. வரவேற்க வேண்டிய பழக்கமே. ஆனால் அங்கே நம்மில் பலர் யோசியாமல் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்களும் செய்தோம் என்பதால்தான் எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு ஜூன் இறுதியில் மூன்று குடும்பங்களாகக் கென்ட்டிலுள்ள ஒரு பண்ணைக்குச் சென்றிருந்தோம். வாசலில் ஒரு பலகை. பறித்ததை வெளியேறும்போது எடை போட வேண்டும், பணம் செலுத்தும் முன் உண்ணக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் படித்தோம். படித்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

செடிகள் இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக இருந்தன. பழத்தைப் பிடித்து இழுக்காமல் காம்பை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். மாங்காயைப் போல வைத்துப் பழுக்க வைக்க இயலாது; பறித்த பின் ஸ்ட்ராபெரி பழுப்பதில்லை. ஆகவே முழுவதும் சிவந்ததை மட்டும் தொடுங்கள், வெளிறியதைப் பறித்துக் கீழே போடுவது வீண்விரயம் என்றோம். அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுமாறும் வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் அல்லாஹ் கட்டளையிடும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனத்தையும் நினைவூட்டினோம். பாடம் நன்றாகத்தான் நடந்தது.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆறு வயது இளைய மகன் வரிசைக்கு நடுவே அமர்ந்திருக்கிறான். கூடையில் நான்கே பழங்கள். வாய், தாடை, சட்டை எல்லாம் சிவப்பு. உடன் வந்த நண்பர் சிரித்துக்கொண்டே, "வயித்தையா எடை போடப் போறாங்க, ஹஸ்ரத்?" என்றார். நாமும் சிரித்தோம். சிரித்ததோடு நில்லாமல் கைக்கெட்டிய ஒன்றைப் பறித்து வாயிலும் போட்டுக்கொண்டோம்.

அப்போதுதான் ஒன்பது வயது மகள் தம்பியருகே குனிந்து, "கிஹ், கிஹ்" என்றாள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது, ஸதகாவாக வந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நபியவர்கள் குழந்தையைத் துப்பச் சொல்லி உச்சரித்த ஒலி அது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி வருகிறது. அதை நம் மகளுக்கு மதரஸா வகுப்பில் கற்றுக்கொடுத்தவர் வேறு யாருமல்லர், வாயில் பழத்தோடு நின்ற இந்த ஆசிரியர்தான். வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"மார்க்கத்தை இவ்வளவு கடினமாக்காதீங்க, ஹஸ்ரத். தோட்டத்துக்குள்ள போனா சாப்பிடலாம்னு ஹதீஸே இருக்கே" என்றார் நண்பர். இருக்கிறது. தோட்டத்தில் நுழைபவர் உண்ணலாம், ஆடையில் கட்டி எடுத்துச் செல்லக் கூடாது என்ற கருத்தில் திர்மிதீயில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்தைக் கடந்து செல்பவருக்கு இமாம் அஹ்மத் அவர்கள் இதைக் கொண்டு சலுகை அளித்தார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபும் பெரும்பான்மை அறிஞர்களும் உரிமையாளரின் சம்மதம் அல்லது நிர்ப்பந்தம் இருந்தாலே அனுமதி என்பர். அந்த ஊர் வழக்கில் உரிமையாளர் ஆட்சேபிக்க மாட்டார் என்று தெரிந்தால், அவ்வழக்கமே சம்மதத்தின் இடத்தில் நிற்கும். இரண்டொரு பழத்தைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லும் பண்ணைகள் உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே உண்ண விடுபவையும் உண்டு. அங்கே தாராளமாக உண்ணலாம். அதில் சந்தேகம் கிளப்புவது பேணுதல் அன்று, வஸ்வாஸ்.

ஆனால் இந்தப் பண்ணையின் உரிமையாளர் ஊகத்துக்கு இடமே வைக்கவில்லை, எழுதியே வைத்திருந்தார். வெளிப்படையான சொல் இருக்கும்போது குறிப்பால் கொள்ளும் அனுமதிக்கு மதிப்பில்லை என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. "எல்லாரும்தான் சாப்பிடுறாங்க" என்பது வாடிக்கையாளர்களின் வழக்கமே ஒழிய, பழத்துக்குரியவரின் சம்மதம் ஆகாது. அவர் முஸ்லிமல்லர் என்பதும், பெரிய பண்ணை, நாலு பழத்தால் என்ன குறையும் என்பதும் நம்மவர் வாயிலிருந்து வரக் கூடாத வாதங்கள்.

அதற்காக மகனை அதட்டியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். சிறுவராக இருந்த ராஃபிஉ பின் அம்ர் (ரலி) அன்ஸாரிகளின் பேரீச்ச மரத்தில் கல்லெறிந்து பிடிபட்டார். நபியவர்கள் முதலில் ஏன் என்று கேட்டார்கள். பசி என்று பதில் வந்ததும், கல்லெறியாதே, விழுந்து கிடப்பதை உண் என்று சொல்லி, தலையைத் தடவி துஆச் செய்தார்கள். நம் மகனுக்குப் பசிகூட இல்லை, ஆசைதான். ஆறு வயதில் அது குற்றமன்று. சிரித்த பெரியவர்கள் விஷயம்தான் வேறு.

எடை போடும் மேசையில், பிள்ளைகளும் நாமும் உள்ளே உண்டுவிட்டோம், அரைக் கிலோவுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம். அங்கிருந்த பெண்மணி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு விலையைச் சேர்த்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களிடம் ஒரு சங்கடமான மௌனம். நம் துணைவியார்கூட, "மெதுவாச் சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

பிறகு குழாயடியில் வுளூச் செய்து, புல்வெளியில் ளுஹருக்கு நின்றபோது கையுறையைக் கழற்றியபடி ஓர் இளைஞர் ஸலாம் சொல்லி வந்து ஸஃப்பில் சேர்ந்துகொண்டார். உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்தவர். ஆறு மாதப் பருவகால வேலை விசாவில் வந்து, பண்ணையின் மறுபக்கத்தில் கடைகளுக்குப் போகும் பழத்தைப் பறிக்கிறார். எத்தனை கிலோ பறித்தார் என்று நாள்தோறும் கணக்கெடுப்பார்களாம். தொழுகை முடிந்ததும் நம் மகன் அவரிடம், ஒரு நாளைக்கு எத்தனை பழம் சாப்பிடுவீர்கள் என்று கேட்டான். அவர் சிரித்து, விரலை வளைத்துச் சைபர் காட்டினார். வேலை நேரத்தில் உண்ண அனுமதியில்லையாம். கூடையிலிருந்து ஒரு பெட்டியை அவருக்குக் கொடுத்தோம். பணம் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

நண்பர் இன்றும் நாம் மிகைப்படுத்துகிறோம் என்றே சொல்லிவருகிறார். ஜூலையில் ராஸ்பெரி பறிக்க இரு குடும்பங்களுக்கும் சேர்த்து அவரே முன்பதிவு செய்திருக்கிறார். நுழைவுக் கட்டணம் வாங்கும் பண்ணையாகத் தேடிப் பிடித்திருக்கிறார்.