நீக்கிய பத்தியும் நீங்காத பிழையும்

"அம்பேத்கரே பத்து வருஷத்துக்குத்தானே இட ஒதுக்கீடு கேட்டார்?" இந்தக் கேள்வியை டீக்கடையிலும் கேட்கலாம், ஆய்வு மாணவர் விடுதியிலும் கேட்கலாம். பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அதையே ஒரு நீதிபதி தீர்ப்பில் எழுதினால்?

2015 டிசம்பர் 1. பட்டேல் போராட்டத்தை நடத்திய ஹர்திக் பட்டேல், தன் மீதான தேசத்துரோக வழக்கை ரத்து செய்யக் கோரிய மனுவில் குஜராத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.பி. பர்திவாலா தீர்ப்பளித்தார். இட ஒதுக்கீடு செல்லுமா செல்லாதா என்பது அந்த வழக்கின் கேள்வியே அல்ல. ஆனாலும், நாட்டை முன்னேற விடாமல் கெடுத்தவை இரண்டு, இட ஒதுக்கீடும் ஊழலும் என்று எழுதினார். அது பத்து ஆண்டுக்கென வந்தது என்றும் சொன்னார்.

மாநிலங்களவை உறுப்பினர்கள் 58 பேர் அவரைப் பதவி நீக்கக் கோரி மனு கொடுத்தார்கள். அதே மாதம் அந்தப் பத்தி தீர்ப்பிலிருந்து நீக்கப்பட்டது. நாமும் வெற்றி என்று நினைத்துக்கொண்டோம்.

பத்து ஆண்டு என்பது எங்கே இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 334ஆவது பிரிவில். அது நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளுக்கு மட்டுமே உரியது. கல்விக்கான 15(4), வேலைக்கான 16(4) ஆகியவற்றில் கால வரம்பே கிடையாது. 15(4) அரசியல் சட்டம் எழுதியபோது இருந்ததும் அல்ல. செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை வீழ்ந்த பிறகு, 1951இல் முதல் திருத்தமாக வந்தது. தொகுதி ஒதுக்கீட்டிலும் பத்து ஆண்டு அம்பேத்கரின் பிடிவாதம் அல்ல. பழங்குடியினருக்கு இன்னும் நீண்ட காலம் தரத் தயார் என்று அரசியல் நிர்ணய சபையில் பேசியவர் அவர்.

பர்திவாலா கல்நெஞ்சர் அல்ல. 2020 கொரோனா காலத்தில் அகமதாபாத் அரசு மருத்துவமனையின் நிலையைப் பாதாளச் சிறைக்கு ஒப்பிட்டு, ஆளும் அரசைக் கேள்வி கேட்ட அமர்வில் இருந்தவர். ஏழை நோயாளியின் வலி அவருக்குப் புரிந்தது. சாதி மட்டும் புரியவில்லை. அவர் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா 1894இல் வல்சாட்டில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தாத்தா, அப்பா, இவர் எனத் தொடர்ந்தது. அப்பா குஜராத் சட்டமன்ற சபாநாயகராகவும் இருந்தார். நான்கு தலைமுறை கறுப்பு அங்கியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒதுக்கீடு கேட்டால் அது வெட்கக்கேடு என்று அதே 2015 தீர்ப்பில் எழுதியவரும் இவர்தான்.

2022 மே மாதம் அவர் உச்சநீதிமன்றத்துக்கு உயர்ந்தார். நவம்பரில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீடு செல்லும் என்ற மூவரில் ஒருவரானார். அம்பேத்கர் பத்து ஆண்டுக்கே ஒதுக்கீட்டை நினைத்தார், எழுபது ஆண்டு தாண்டிவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலும் எழுதினார். குஜராத்தில் நீக்கிய பிழை டெல்லியில் திரும்பி வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை வெளியே நிறுத்தும் அந்த 10 விழுக்காட்டுக்கும் கால வரம்பு இல்லை. அது அவரை உறுத்தவில்லை. அவர்களை ஒதுக்குவது தவறு என்று சொன்ன ரவீந்திர பட், யு.யு. லலித் இருவரும் சிறுபான்மையாயினர்.

பணிமூப்பு வரிசை மாறாவிட்டால் 2028இல் பர்திவாலா தலைமை நீதிபதி. 334ஆவது பிரிவின் இப்போதைய கெடு 2030 ஜனவரியில் முடியும்போது அந்த நாற்காலியில் இருப்பவர் அவராகத்தான் இருப்பார்.

2015இல் நாம் கேட்டது அவமதிப்பை நீக்கச் சொல்லி. கேட்டிருக்க வேண்டியது பிழையைத் திருத்தச் சொல்லி. பத்தியை அழித்ததோடு, அது தவறு என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைக்கும் வாய்ப்பும் அழிந்தது. இனி ஒரு நீதிபதி "பத்து ஆண்டு" என்று எழுதினால், நீக்கு என்று கேட்க வேண்டாம். எந்தப் பிரிவில் இருக்கிறது, காட்டு என்று கேட்போம்.