குப்பத்துக் கோழியும் நாமக்கல் முட்டையும்

2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தின் சாட்டகுட்லா, கும்மல்லதிப்பா ஊர்களில் கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பறவைக் காய்ச்சல்தான் என்று போபால் ஆய்வகம் உறுதிசெய்தது. அந்த மாவட்டத்துக்குத் தெற்கே பழவேற்காடு ஏரி. பூநாரையும் நோய்க்கிருமியைச் சுமக்கக்கூடிய வலசை வாத்தும் ஏரியில் இறங்கியிருக்கும் பருவம் அது. சம்பா அறுத்த, ஏரிக்கு அருகிலுள்ள பொன்னேரி வயல்களுக்கு மேய்ச்சல் வாத்துகள் வருவதும் அப்போதுதான்.

ஏரிக்கரைக் குப்பங்களில் கோழி வளர்ப்பது பெண்கள். வலை உலர்த்துமிடத்தில் உதிரும் பொடிமீனும் இறால் தலையும் பாதித் தீவனம். வீட்டுக்குப் போக மிஞ்சும் சேவலைத் திருவிழா நேரத்தில் மொபெட்டில் வரும் வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். நம் கால்நடைத் துறைக்கு அந்த ஒரு விற்பனை மிக முக்கியம். ஒரு வீட்டில் வளர்ந்து அந்த வீட்டிலேயே தீரும் கோழி, பண்ணைக் கோழிகளோடு தொடர்பில்லாதவரை, உலக விலங்கு நல அமைப்பின் விதிப்படி வணிகக் கோழியினத்தில் சேராது. அதில் நோய் கண்டாலும், காட்டுப் பறவையில் கண்டாலும், அதைக் காட்டி ஏற்றுமதிக்குத் தடை போடக் கூடாது. சேவல் மொபெட்டில் ஏறிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

இந்த வாதத்தில் நாம் ஒருமுறை எதிர்ப்பக்கம் நின்று தோற்றிருக்கிறோம். அமெரிக்கக் கோழிப் பொருள்களுக்கு 2007-இல் இந்தியா தடை விதித்தது. 2012-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. நோயுள்ள பகுதியையும் நோயற்ற பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 2015-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நமக்கு எதிராகவே வந்தது. இன்று அதே கொள்கைதான் முட்டை ஏற்றுமதி செய்யும் நாமக்கல்லுக்குக் கவசம். 2023 அக்டோபரில் 26 பண்ணை வளாகங்களை நோயற்றவை என்று இந்தியா அறிவித்ததும் அந்த அடிப்படையில்தான். ஆனால் முட்டை வாங்கும் வளைகுடா நாட்டு அதிகாரி நம் சொல்லை நம்புவதற்கு ஏரிக்கரையில் எழுதிவைத்த பதிவேடு வேண்டும்.

பதிவேடு அங்கேதான் காலியாக இருக்கிறது. குப்பத்தில் நாலு கோழி செத்தால் ‘வெள்ளைக்கழிச்சல்’ நோய் என்று முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அதுவாகவே இருக்கலாம். மாதிரி எடுக்காமல் அதை எப்படிச் சொல்வது? மூச்சுக்குழாயிலும் கழிவாயிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப அரை நாள் வேலை.

மக்கள் சொல்லாததற்கும் காரணம் உண்டு. அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு. தானாகச் செத்ததற்கு ஒரு காசும் கிடையாது. முதலில் தகவல் சொல்பவருக்கே முதல் நட்டம். போதாததற்கு, கோழி விற்காத வாரங்களில் மீனுக்குக் கிராக்கி ஏறும். மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்குக் கோழிச் சந்தை படுத்தது பெரிய கவலையாக இருக்காது. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. உடனே தகவல் தந்த வீட்டுக்குச் செத்த கோழிக்கும் பணம் தரும்படி மத்திய, மாநில அரசுகள் இழப்பீட்டு விதியைத் திருத்த வேண்டும்.

திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருவள்ளூர், திருப்பதி மாவட்டக் கால்நடை மருந்தகங்களில் பணிபுரியும் நண்பர்கள், அடுத்த கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் குப்பங்களுக்குப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வாருங்கள்: எத்தனை கோழி, யாரிடம் விற்கிறீர்கள்?