சென்சாரை வெட்டினால் மைலேஜ் வராது

போன வாரம் மச்சான் தன்னுடைய 2006 மாடல் மாருதி 800-ஐக் கொண்டுவந்து நிறுத்தினார். "மாப்ள, அந்த ஆக்சிஜன் சென்சார்தான் பெட்ரோலைக் குடிக்குதாம். மெக்கானிக் ஒயரையே கட் பண்ணிவிட்டுட்டாரு. இனிமே மைலேஜ் அள்ளிரும்" என்றார். பானெட்டைத் திறந்தால், வெட்டின ஒயர் முனையில் கறுப்பு டேப் சுற்றித் தொங்குகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்கக் கரி.

ஒயரை ஒட்டி, இன்ஜின் சூடானதும் மல்டிமீட்டரை வைத்தோம். 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டிய எண், 0.1-லேயே கிடந்தது. பெட்ரோல் போதவில்லை என்கிறது சென்சார். கொட்டுகிறது என்கிறது பிளக். காரணம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட். அதன் வெடிப்பு வழியே வெளிக்காற்று உள்ளே போனது. அந்தக் காற்றைப் பார்த்து ஏமாந்த இசிஎம், அதாவது பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் கம்ப்யூட்டர், மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியது. தப்பு கேஸ்கட்டில், தண்டனை சென்சாருக்கு!

எங்கள் சிவகாசிப் பக்கம் விருதுநகர், சாத்தூர், திருத்தங்கல் என்று எந்த ஷெட்டுக்குப் போனாலும் இதே கதைதான். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்குச் சென்சார் வேண்டாமாம், சத்தத்தை வைத்தே மிக்ஸ்சர் செட் பண்ணிவிடலாமாம். எந்த ஸ்க்ரூவைத் திருகிச் செட் பண்ணுவீர்கள்? கார்புரேட்டரில் இருந்த மிக்ஸ்சர் ஸ்க்ரூ இதில் கிடையாது. த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்க்ரூ ஐடிலை ஏற்றும், இறக்கும், அவ்வளவுதான். வெடித்த கேஸ்கட்டைக் கண்டுபிடிக்காத காது, காற்றையும் பெட்ரோலையும் எடை போடுமா?

வேறு ஊர்க்காரர் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்று தராசில் நிறுத்துக் கரிமருந்து கலக்கத் தெரிந்த சிவகாசிக்காரர் சொல்லலாமா? மருந்துக் கலவை அறையில் ஒருவர் கண்ணளவில் அள்ளிப் போட்டால் ஃபோர்மேன் அவரை அங்கே ஒரு நிமிஷம் நிற்க விடுவாரா? பெட்ரோலுக்கும் கணக்கு உண்டு: எடையில் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு. சென்சார்தான் அங்கே தராசு.

இப்போது பெட்ரோல் பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால் கலவையின் கணக்கு 13.5 வாக்கில் இறங்கிவிடுகிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய இசிஎம்முக்கு எத்தனாலைத் தெரியாது. எக்ஸாஸ்டில் மிஞ்சின ஆக்சிஜனைப் பார்த்துக் கூடுதல் பெட்ரோல் கேட்பது சென்சார் மட்டும்தான். ஊரே எத்தனாலைத் திட்டுகிறது. அதைச் சமாளிக்க இருக்கிற ஒரே பொருளையும் வெட்டிப் போடுகிறது.

புகைச் சான்றிதழ் கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்த வயசுக் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சைலன்சருக்குள் புரோப் நுழையாமலே எத்தனை வண்டிகள் சான்றிதழ் வாங்குகின்றன? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உள்கூட்டை உடைத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? டெல்லிப் புகைக்குச் சிவகாசிமேல் பழி போடுகிறார்கள் என்று கொதிக்கிறோம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடை செய்ததற்கு இன்றுவரை புலம்புகிறோம். அந்தக் கோபம் நியாயமாக நிற்க வேண்டுமென்றால், நம் வண்டிப் புகைக்கு முதலில் நாம் கணக்குச் சொல்ல வேண்டும்.

மச்சான் வண்டியைச் சரிசெய்தது ஒரு புதுக் கேஸ்கட். அதை மாட்டியதும் மீட்டரில் எண் ஏறி இறங்க ஆரம்பித்தது. சென்சாரே செத்திருந்தாலும் புதுசு மாட்டுவதுதான் வழி, வெட்டுவது அல்ல. மெக்கானிக் கட்டிங் பிளேயரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அளந்து காட்டாத வேலைக்குக் கூலி கொடுக்காதீர்கள்.