'இன்னிக்கு' என்றால் கொச்சையா?



ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் 'இன்னிக்கு' என்ற சொல் எத்தனை முறை காதில் விழுகிறது! பக்கத்து இருக்கையில் தெலுங்கு பேசுவோர் இருந்தால் 'ஈரோஜு' என்பதும் கேட்கலாம். ஆனால், கட்டுரை நோட்டில் 'இன்னிக்கு' என்று எழுதினால் சிவப்பு மை பாயும். எழுத்துக்கு ஒரு முறை வேண்டும், அது சரியே. ஆனால் பேச்சுச் சொல்லைக் 'கெட்டுப்போன சொல்' என்று இகழ்வது அறிவியல் ஆகாது என்பதே என் கருத்து.

ஏன்? நின்று, 'நின்னு' ஆகிறது. கொன்று, 'கொன்னு' ஆகிறது. கன்று, 'கன்னு' ஆகிறது. அதே வழியில்தான் இன்றைக்கு, 'இன்னிக்கு' ஆயிற்று. இதில் தாறுமாறு எங்கே? ஒழுங்கு அல்லவா இருக்கிறது! மேற்கே தெரியும் மலையைத் தாண்டினால், மலையாளத்தில் 'இன்னு', 'நின்னு', 'கொன்னு' என்பவையே ஏட்டிலும் எழுதப்படுகின்றன. அங்கே அவற்றுக்குச் சிவப்புக் கோடு கிடையாது.

ஜெர்மனியிலும் இதே கதைதான். 'இன்று' என்பதற்கு அங்கே 'ஹொய்டெ' என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அது 'ஹியு டாகு', அதாவது 'இந்த நாளில்', என்று இரு சொற்களாக இருந்தது. தேய்ந்து 'ஹியுடு' ஆகி, பின் 'ஹொய்டெ' ஆயிற்று. நம் 'இன்று' என்பதில் உள்ள 'இ'யும் 'இவன்', 'இங்கு' என்பவற்றில் வரும் சுட்டெழுத்துத்தான். தெலுங்கு 'ஈரோஜு'வில் 'ஈ' என்றால் இந்த. 'ரோஜு' என்றால் நாள். அந்த 'ரோஜு' பாரசீகத்திலிருந்து வந்த விருந்தாளி!

அப்படியானால் ஜெர்மனும் தமிழும் உறவா? அவசரப்படாதீர்கள். ஒரே எண்ணம் பல நாடுகளில் தனித்தனியே தோன்றலாம். ஒலி ஒத்திருந்தாலும் போதாது. ஆங்கில 'டே'யும் லத்தீன் 'டியெஸ்'ஸும் நாளையே குறிக்கின்றன. கேட்கவும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆயினும் இரண்டுக்கும் வேர் வேறு. ஆனால் ஆங்கில 'டே', ஜெர்மன் 'டாக்' இரண்டும் உடன்பிறப்புகள். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் மெல்லிய 'ட' வரும் இடத்தில் ஜெர்மனில் வல்லிய 'ட' வருவது பல சொற்களில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அந்த ஒழுங்குதான் சாட்சி. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் தென்னாட்டு மொழிகளின் உறவைக் காட்டியதும் இப்படி மொழிகளை முறையாக ஒப்பிட்டுத்தான்.

ஆகவே, ஒரு நோட்டு எடுங்கள். வீட்டில், சந்தையில், பஸ்ஸில் கேட்கும் பேச்சுச் சொற்களை ஒரு பக்கமும், அவற்றின் எழுத்து வடிவை மறு பக்கமும் எழுதுங்கள். விதி தானே தெரியும். விதிக்கு அடங்காத சொல் அகப்பட்டால் அதைத் தனியே குறித்து வையுங்கள். ஆராய்ச்சி தொடங்குவது அங்கேதான்!