கடல் கடந்து கிடைத்த நம்பிக்கை, ஊரில் காத்திருக்கும் சாதி

வேளச்சேரியிலிருந்து விமான நிலையம் வெகுதூரமில்லை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் தலித் இளைஞர்கள் பலர் இந்த வட்டாரத்தைக் கடந்தே போகிறார்கள். அங்கே தொழிலாளர் குடியிருப்பில் தனிமை. வளைகுடாவில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையன்று தமிழ் ஆராதனைக்குக் கூட வேலை செய்பவர் அழைக்கிறார். 'எந்தத் தெரு, என்ன ஆளு' என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். சிலருக்கு அங்கேயே விசுவாசம் பிறக்கிறது. அது அவரவர் மனசாட்சி. அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை.

இது புதிய கதையும் அல்ல. திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். திரும்பும் வழியில், அந்நாளில் வேறு ராஜ்யமாக இருந்த தஞ்சையில் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கண்டார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடி வந்தார். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபை வேர்விட்டது ஒரு தலித் நடந்த பாதையில்தான்.

ஆனால் இன்று ஊர் திரும்பும் இளைஞர் ஞானஸ்நானத்தோடு இன்னொன்றையும் எதிர்கொள்கிறார். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3-ஆம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீடு, தனித் தொகுதி, தனி ஊராட்சித் தலைவர் பதவி எதுவும் அவருக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவுகிறது. சேரி மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்னைச் சாலையோரம் செருப்பு தைத்த சூசை என்பவர், தன் தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985-ல் தள்ளுபடி ஆனது. ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகட்டும். தலித் கிறிஸ்தவரின் சவக்குழியைப் பிரித்து அங்கே சுவர் எழுப்பினார்கள்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசோ 2022-ல் நீதியரசர் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, அதன் காலத்தை நீட்டித்தது. அறிக்கைகள் மேசையில் அடுக்கப்படும்போது பிள்ளைகளின் வயது வரம்பு கடந்து போகிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விசுவாசத்தை மறைத்துச் சான்றிதழ் வாங்குவது ஆபத்து. புதுச்சேரி வழக்கொன்றில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே முடிவெடுக்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மதம் மாறிய ஆதிதிராவிட மாணவருக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பசிக்கும் சாமிக்கும் நடுவே ஒருவரை நிறுத்தி 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்று சொல்வது மதச் சுதந்திரம் ஆகாது. மத்திய அரசு 3-ஆம் பத்தியை நீக்க வேண்டும். திருச்சபைகள் தங்கள் சுவர்களை இடிக்க வேண்டும். அயல்நாட்டில் பக்கத்து இருக்கையில் கிடைத்த மரியாதை, சொந்த ஊர்க் கோயிலிலும் கல்லறையிலும் கிடைக்கும் நாளில்தான் அந்த இளைஞர் உண்மையில் வீடு திரும்பியிருப்பார்.