ஏசிக்கு வலை இருக்கு, நமக்கு?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சுங்க. அது விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான் இன்னிக்கு சிமெண்ட். 1979-ல் அரியலூருக்கு அரசு ஆலை வந்துச்சு, தனியார் ஆலைகளும் வரிசை கட்டுச்சு. லாரியில போனது போக மிச்சம் நம்ம வீட்டு ஏசி வலையில!

மெக்கானிக் வரட்டும்னு காத்திருக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கரண்ட்டை அணைச்சுட்டு வலையைக் கழட்டி, தண்ணியில அலசி, நிழல்ல காயவச்சு மாட்டுங்க. அடைச்சுக்கிட்டா குளிர் குறையும், கரண்ட் பில் எகிறும்.

ஆனா ஒண்ணு மக்களே, அந்த வலை காப்பாத்துறது மெஷினை. நுண்தூசி அதுல நிக்காது, நேரா நம்ம நெஞ்சுக்குள்ளதான். அதைத் தடுக்க லாரிக்குத் தார்ப்பாய் கட்டணும், ரோட்டுல தண்ணி தெளிக்கணும். வலையைக் கழுவுறோம் சரி, இதையும் நாமதானே கேக்கணும்?