கடைசி பெஞ்ச்: ராட்டினத்துல ரெண்டு பெட்டி காலி!

போன வாரம் கேன்டீன் பஜ்ஜியைப் பற்றி எழுதினேன் இல்லையா? அன்றிலிருந்து கேன்டீன் அண்ணன் என்னோட பேச்சை நிறுத்திட்டார். பரவாயில்லை, ஒரு வாரமா உடம்புல எண்ணெய் சேரல. இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் உயரமானது. தலை சுத்தினா நான் பொறுப்பில்லை.

எங்க கிளாஸ்ல இப்போ ஒரே பட்டிமன்றம். ஐ.வி. எங்கே போறது? (ஐ.வி. என்றால் இண்டஸ்ட்ரியல் விசிட். காலையில் ஒரு கம்பெனி வாசலில் குரூப் போட்டோ, மீதி நாள் பூரா கும்மாளம். இது தெரியாதவங்க காலேஜ் பக்கமே வந்திருக்க மாட்டீங்க.) பசங்க எல்லாரும் ஒரே குரலில் சொன்ன பேர், சென்னை வொண்டர்லா. ராஜபாளையத்துல ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில தாம்பரம். அங்கிருந்து திருப்போரூர் பக்கம் இள்ளலூர். மேப் போட்டு, பட்ஜெட் போட்டு, பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் என்பது வரை பிளான் ரெடி!

வொண்டர்லாவுக்கும் ஒரு வரலாறு உண்டு மக்களே. 2000ல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பேரில் ஆரம்பிச்சது. 2005ல் பெங்களூரு, 2016ல் ஹைதராபாத், 2024ல் புவனேஸ்வர். சென்னைக்கு நிலம் வாங்கியும் கேளிக்கை வரிப் பிரச்னையில் வருஷக்கணக்கா இழுத்து, ஒருவழியா 2025 டிசம்பரில்தான் திறந்தாங்க. ஹீரோ ரைடு பேரு தஞ்சோரா. தண்டவாளம் தலைக்கு மேலே, நம்ம கால் அந்தரத்தில். செஞ்சது சுவிட்சர்லாந்து கம்பெனி. பேர் மட்டும் நம்ம தஞ்சாவூர்!

பார்க் கம்பெனிகள் வாங்கின நிலம் மொத்தத்திலும் முதல் நாளே ரைடு போட மாட்டாங்க. கொஞ்சம் இடத்தைக் காலியா விட்டு வைப்பாங்க. இன்னைக்கு 'வாவ்' சொல்றவன் மூணு வருஷம் கழிச்சு 'இதானா?'ன்னு கேட்பான். அப்போ பழசைக் கழற்றி புதுசு போடணும். கூட்டம் குறைஞ்சா ரைடு காலி, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் ரைடு காலி, இரும்புக்கு வயசானாலும் ரைடு காலி. சில சமயம் பார்க்கே காலி! டெல்லியில் 1984ல் திறந்த அப்பு கர் ஒரு காலத்தில் வட இந்தியக் குழந்தைகளுக்கு சொர்க்கம். 2008ல் மூடிட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டை விரிவாக்க இடம் வேணுமாம். நீதிமன்றத்தோட யார் வாதாட முடியும்?

சரி, நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம்.

சின்ன வயசுல எங்க ஊர் கோயில் கொடைக்கு மர ராட்டினம் வரும். நாலே பெட்டி. கரண்டும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. ஒரு அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கையால தள்ளிச் சுத்துவார். அழுதா நிறுத்துவார், சிரிச்சா இன்னொரு சுத்து ஓசி. இப்போ அது எங்கேயும் கண்ணில் படல. அந்த இடத்துல ஜெயன்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் சீரியல் லைட்டோட வந்து நிக்குது. எங்க ஊர் 'பழசை எடுத்து புதுசு போட்ட' கதை இதுதான். எந்தப் பேப்பரிலும் வரல, அவ்வளவுதான்.

போன வருஷம் ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரோட்டத்துக்கு இன்னும் ரெண்டு நாள். நான், ஒன்பதாவது படிக்கிற என் தங்கச்சி, கூட என் கிளாஸ்மேட் ஒருத்தன். தங்கச்சிக்கு ஜெயன்ட் வீல்தான் வேணும். கியூவில் நிக்கிறோம். பதினாறு பெட்டி. அதில் ஒரு பெட்டி கீழே வந்து நிற்கும்போதெல்லாம் என் கண்ணுக்கு ஒண்ணு பட்டுது. பெட்டியைத் தாங்குற பைப்பில், வெல்டிங் ஓரமா ஒரு மெல்லிய கோடு. பெயின்ட் லேசா உரிஞ்சு, டீ வடிஞ்ச மாதிரி துருக் கறை.

மனசுக்குள்ள மணி அடிச்சுது. ஏன்னா, மெஷின் டிசைன் பேப்பரில் முதல் யூனிட்டே இந்தச் சமாச்சாரம்தான். கட்டுக்கம்பியை ஒரு தடவை வளைச்சுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. முன்னும் பின்னும் இருபது தடவை வளைச்சுப் பாருங்க, படக்குன்னு உடையும். ஒரு தடவையில் தாங்குற எடையையே லட்சம் தடவை ஏத்தி இறக்கினா இரும்பும் ஓய்ஞ்சு போகும். இதுக்குப் பேர்தான் ஃபெட்டீக். 1842ல் பிரான்ஸில் வெர்சாய் பக்கம் ஒரு ரயில் இன்ஜினின் அச்சு முறிஞ்சு ஏகப்பட்ட பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் இதைப் பற்றி சீரியஸா யோசிச்சது. வோலர் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் ரயில் அச்சுகளை வருஷக்கணக்கில் சுத்திச் சுத்திச் சோதனை பண்ணினார். அவர் போட்ட பாதையில் வந்த கிராஃபைத்தான் நாம பரீட்சைக்கு முந்தின நாள் உருப் போடுறோம்.

நான் உருப் போடக்கூட இல்லை. அந்த யூனிட்டை சாய்ஸில் விட்டவன்!

கியூவில் நின்னபடியே கணக்குப் போட்டேன். ஒரு டிரிப்புக்குப் பத்து சுத்து. மணிக்குப் பத்து டிரிப். சாயங்காலம் ஆறிலிருந்து பதினொண்ணு வரை, ஆக ஒரு ராத்திரிக்கு 500 சுத்து. ஒரு திருவிழாவுக்குப் பத்து நாள்னா 5,000. வருஷத்துக்கு இருபது ஊர்னா ஒரு லட்சம். பத்து வருஷத்தில் பத்து லட்சம்! 'இதுக்கு மேல கவலை இல்லை'ன்னு நம்ம புத்தகம் ஸ்டீலுக்குக் கோடு கிழிக்கிற இடமும் ஏறக்குறைய அந்தப் பத்து லட்சம்தான். அதுவும் லேப்ல பளபளன்னு இருக்கிற ஸ்டீலுக்கு. துருவும் அரைகுறை வெல்டிங்கும் சேர்ந்தா அந்தக் கணக்கு செல்லாது.

"மாப்ளே, சொல்லிருவமா?"ன்னு கேட்டேன்.

"அந்த யூனிட்டையே சாய்ஸ்ல விட்டவன் நீ. உன் பேச்சை நம்பி ராட்டினத்தை நிப்பாட்டுவாங்களாக்கும்!"ன்னு சிரிச்சான்.

நியாயமான கேள்வி. சொன்னா கூட்டமே 'படிப்ஸ் வந்துட்டான்டா'ன்னு கலாய்க்கும். சொல்லாமல் தங்கச்சியை மட்டும் கூட்டிக்கிட்டு நைசா நழுவிடலாம். உண்மையைச் சொல்றேன், ரெண்டு நிமிஷம் நழுவத்தான் நினைச்சேன். அப்போ அந்தப் பெட்டியில் ஒரு அம்மா ரெண்டு பொடிசுகளோட ஏறினாங்க. ஒரு சுத்து முடியும் வரை என்னால மேலே பார்க்க முடியல. அவங்க இறங்கினதும் நேரா கல்லாவுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சைப் பெட்டி பைப்புல கீறல் மாதிரி தெரியுது..."

"தம்பி, யாவார நேரத்துல வந்து அபசகுனமா பேசாத. பன்னெண்டு வருசமா ஓட்டுறேன்."

பன்னெண்டு வருஷம்! என் கணக்குப்படி பன்னெண்டு லட்சம் சுத்து. விறுவிறுன்னு கணக்கை அப்படியே சொல்லிட்டேன். பாதி புரிஞ்சிருக்கும், பாதி புரிஞ்சிருக்காது. ஆனா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தவர், ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிட்டு டார்ச்சோட எழுந்தார்.

அடுத்து அவர் செஞ்சதுதான் மக்களே ஹைலைட். மண்ணெண்ணெய் நனைச்ச துணியால் அந்த இடத்தை நல்லாத் தேய்ச்சார். அப்புறம் காய்ஞ்ச துணியால் சுத்தமாத் துடைச்சார். கல்லா மேலே இருந்த திருநீற்றை அள்ளி அது மேல தடவினார். ஒரு நிமிஷம்தான். வெள்ளைத் திருநீற்றில் ஈரமா ஒரு கோடு மெதுவா எழும்பி வந்துச்சு. கீறலுக்குள்ள போன மண்ணெண்ணெய் வெளியே கசியுது!

நாங்க காலேஜ் லேபில் சிவப்பு மையும் ஸ்ப்ரேயும் வெச்சு 'டை பெனட்ரன்ட் டெஸ்ட்'னு செய்யறதும் இதே டெக்னிக்தான். அந்தக் காலத்து ரயில்வே பணிமனைகளில் எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் வெச்சு இப்படித்தான் கீறல் பார்ப்பாங்க. இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டேன். "எங்க அய்யா"ன்னார்.

பெட்டியைக் கழற்றினாங்க. அதோட விடல. நேர் எதிர்ப் பக்கத்துப் பெட்டியையும் கழற்றினாங்க. ஒரு பக்கம் மட்டும் எடை குறைஞ்சா சக்கரம் கோணும், மோட்டாருக்கும் அடி. பேலன்ஸிங் என்று நாங்க ஒரு செமஸ்டர் படிச்சதை ரெண்டு பேர் ஸ்பேனரோட பத்து நிமிஷத்தில் முடிச்சாங்க. கியூவில் ஏக விசில். பாதிப் பேர் கொலம்பஸ் பக்கம் கிளம்பிட்டாங்க. என் தங்கச்சி என்னை முறைச்ச முறைப்பு இருக்கே!

"மேலே ஒரு வெல்டிங் போட்டுட்டு ஓட்டலாமே அண்ணாச்சி?"ன்னு கூட வந்தவன் கேட்டான்.

"ஒட்டுப்போட்ட இடத்துலயே ஒட்டுப்போட்டா நிக்காது தம்பி. பைப்பையே மாத்தணும். இந்தப் பத்து நாள் சம்பாத்தியத்துலதான் மழைக்காலம் பூரா சாப்பிடணும். ரெண்டு பெட்டி போச்சுன்னா எட்டுல ஒரு பங்கு போச்சு"ன்னார். கோபமா சொல்லல, சும்மா கணக்குச் சொன்னார். அது எனக்கு இன்னும் உறுத்துது.

ஏன்னா, பேப்பரில் வர்ற கதைகள் வேற மாதிரி. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடுற பெரிய ரைடு உடைஞ்சு விழுந்து ரெண்டு பேர் இறந்தாங்க. 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தாவில் புது ரைடை வெள்ளோட்டம் பார்க்கும்போது ஊழியர் ஒருத்தர் உயிரே போச்சு. நாம ஏறுறதுக்கு முன்னாடி நமக்காக ஏறிப் பார்த்தவர் அவர். ராட்டினத்தில் ஏறி இறங்கின நமக்கு அவங்க முகம்கூட ஞாபகம் இருக்காது.

கொஞ்சம் வெளியூர்க் கதை. உலகத்தின் முதல் ஜெயன்ட் வீல் 1893ல் சிகாகோ கண்காட்சியில் வந்தது. கட்டினவர் ஃபெர்ரிஸ். பாலம் கட்டுற இன்ஜினீயர். உயரம் 264 அடி, நம்ம ஆண்டாள் கோயில் கோபுரத்தைவிட உசரம். 36 பெட்டி, ஒவ்வொன்றிலும் 60 பேர். ஊரே வாயைப் பிளந்துச்சு. ஆனா ஃபெர்ரிஸ் மூணே வருஷத்தில், 37 வயசில் போய்ச் சேர்ந்துட்டார். சக்கரத்தை 1906ல் வெடி வெச்சுத் தகர்த்துப் பழைய இரும்பா ஆக்கிட்டாங்க.

அதுக்கு நாலு வருஷம் தள்ளி, 1897ல் வியன்னாவில் ஒண்ணு கட்டினாங்க. ரெண்டாம் உலகப் போரில் அது தீப்பிடிச்சு எரிஞ்சது. போர் முடிஞ்சதும் மறுபடி எழுப்பினாங்க. ஆனா பழைய சக்கரம் அவ்வளவு எடையைத் தாங்குமான்னு யோசிச்சு, 30 பெட்டிக்குப் பதிலா 15 பெட்டிதான் மாட்டினாங்க. அது இன்னைக்கும் சுத்துது! இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது எங்க அண்ணாச்சிதான்.

தேரோட்டம் முடிஞ்ச மறுநாள் திரும்பப் போனோம். பதினாலு பெட்டியோட ராட்டினம் ஓடிக்கிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி, "வாங்க இன்ஜினீயரு"ன்னார். காசு வாங்க மாட்டேன்னுட்டார். தங்கச்சி கட்டாயப்படுத்திக் கொடுத்துட்டா. ஏறினோம். பயமா இருந்துச்சான்னு கேட்டா, ஆமா, இருந்துச்சு. மேலே போனதும் லைட் போட்ட கோபுரம் தெரிஞ்சுது. தங்கச்சி அதைப் பார்த்தா. நான் பைப்பைப் பார்த்தேன்.

இனி திருவிழாவில் ஏறும்போது நாலு விஷயம் கவனிங்க ஃப்ரெண்ட்ஸ். பெட்டிக் கதவுக்குக் கொண்டி போட்டிருக்கா? ரெண்டு பேர் சீட்டில் நாலு பேரைத் திணிக்கிறாங்களா? காத்து மழை அடிக்கும்போதும் ஓட்டுறாங்களா? பைப் ஓரத்தில் துருக் கோடு தெரியுதா? தப்பாத் தெரிஞ்சா ரீல்ஸ் எடுக்காதீங்க. போய்ச் சொல்லுங்க, மரியாதையா.

ஐ.வி. விஷயம் என்னாச்சா? எங்க ஹெச்.ஓ.டி.க்கு லெட்டர் கொடுத்திருக்கோம். கூட ஒரு வரி சேர்த்திருக்கேன். 'கேட் திறக்கும் முன் காலையில் ரைடுகளைச் சோதிப்பதை எங்களுக்குக் காட்ட அனுமதி வாங்கித் தரவும்.' பசங்க எல்லாம் என் மேல செம காண்டு. பொதிகையில் எழுந்து அவ்வளவு சீக்கிரம் போகணுமாம்!

அப்புறம், முதல் யூனிட்டை இந்த செமஸ்டர் சாய்ஸில் விடல. பாஸ் ஆனேனான்னு ரிசல்ட் வந்ததும் சொல்றேன்.